துரைக்கு மழை காட்ட வந்ததும், கூடவே வந்ததும்

நான் ஓய்வு பெற்ற அன்று ஹட்டன் அலுவலகத்துப் பிள்ளைகள் எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு புதிய கைப்பேசியும் தந்தார்கள். பொன்னாடை பேசாமல் இருந்தது. கைப்பேசி வாய் திறந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் சீட்டாட வரச் சொன்னது, உடம்பைக் குறைக்கச் சொன்னது, என் ராசி என்ன என்று விசாரித்தது. நான் கேட்காத சாமான்கள் ஏழெட்டு அதற்குள் ஏற்கெனவே குடியிருந்தன. மறுவாரம் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், என் இடத்துக்கு வந்திருக்கும் உத்தியோகத்தரிடம் காட்டினேன். அவர் சிரித்தார்.

"அதெல்லாம் ஃப்ரீ சார். கூடவே வரும்" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதி இந்தக் "கூடவே வரும்" சாமான்களைத் துரத்துவதிலேயே கழிந்தது. துரத்தியதற்குத்தான் பொன்னாடை. அந்தப் பொன்னாடையோடு அவையும் கூடவே வந்து சேர்ந்திருக்கின்றன. "ஒங்க காலத்துல இதையெல்லாம் எப்புடி சார் சமாளிச்சீங்க?" என்று அவர் கேட்டார். சொல்லத் தொடங்கினேன். பாதியில் யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார். மீதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியாததால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறிய பிறகு, ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு கணினி வந்து இறங்கியது. அதற்குப் பொட்டு வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், துவாய் போட்டு மூடினார்கள். தொடுவதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. எனக்கு டைப்ரைட்டிங் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைக் கண்டிக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே ஒரு மாடியறையில் படித்ததில் பாதி, நான் ரயிலில் திரும்பி வருவதற்குள் பழசாகிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஹட்டனிலிருந்த பிராந்திய அலுவலகத்தில் உட்கார்ந்தேன். வட்டவளையிலிருந்து டயகம வரை கம்பனியின் தோட்டங்களில் எந்தக் கணினி மூச்சுவிட மறுத்தாலும் நான்தான் போக வேண்டும். நியமனக் கடிதத்தில் என் பதவிப் பெயர் ஒன்றரை வரி நீளம். தோட்டங்களில் "கம்பியூட்டர் ஐயா" என்று முடித்துக்கொண்டார்கள்.

முதல் சில வருடங்கள் எதிரிகள் நேர்மையானவர்கள். மூடுபனி உள்ளே புகுந்து ஈரமாக்கும். எலி வயரைக் கடிக்கும். இரண்டும் செய்த வேலையை ஒப்புக்கொண்டு தடயத்தையும் விட்டுப் போகும். இரண்டாயிரத்துக்குப் பிறகு தொலைபேசிக் கம்பியைக் கணினியில் செருகி, கீச்சென்று கத்தவைத்து, இணையத்துக்குப் போகப் பழகினோம். கொழும்புக்குத் தினசரிக் கொழுந்துக் கணக்கை மின்னஞ்சலில் அனுப்பத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அந்தக் கம்பி வழியாக இங்கிருந்து போனதைவிட அங்கிருந்து வந்ததுதான் அதிகம்.

முதலில் அதைக் கண்டது வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில். "கம்பியூட்டரு மெதுவா போகுதுங்க" என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், இணையப் பக்கம் திறக்கும் திரையில் மேலிருந்து கீழ்வரை பட்டை பட்டையாகப் பொத்தான்கள். தேடு, விளையாடு, சிரி, வானிலை பார், காதலைச் சோதித்துப் பார் என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. படிக்க வேண்டிய பக்கம் அடியில் நான்கு விரல் அகலத்துக்கு எட்டிப் பார்த்தது. ஹட்டன் பஸ்களில் சாரதிக்கு முன்னால் சாமி படமும் மாலையும் குஞ்சமும் தொங்கி, ரோடு மட்டும் ஒரு ஓரமாகத் தெரியுமே, அந்த மாதிரி.

"இதையெல்லாம் யார் போட்டது?" என்று கிளாக்கரிடம் கேட்டேன்.

"யாரும் போடலைங்க. பாட்டு கேக்குறதுக்கு ஒரு சாமான் எறக்குனேன். இதெல்லாம் அவுங்களா சேத்துக் குடுத்தாங்க. ஒன்னையும் எடுத்துறாதீங்கய்யா, எல்லாமே ஃப்ரீ."

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என் உத்தியோகமே தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் என்று அன்றைக்கு விளங்கியது. இலவச மென்பொருள் ஒன்றை இறக்கும்போது, நீளமான ஓர் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வரும். அதன் நடுவில் எங்கோ, "எங்களோடு எங்கள் நண்பர்களும் வந்து தங்குவார்கள், உங்களுக்கு விளம்பரம் காட்டுவார்கள், சம்மதமா?" என்று பணிவாகக் கேட்டிருப்பார்கள். வாசிக்காமல் சம்மதம் என்று அமுக்கினால் நண்பர்கள் மூட்டை முடிச்சோடு வந்துவிடுவார்கள். திருட்டு இல்லை. பூட்டை உடைக்கவில்லை. கதவைத் தட்டிக் கேட்டு, நாம் "வாங்க வாங்க" என்று சொன்ன பிறகுதான் வந்தார்கள்.

துரத்துவதற்கு என்னிடம் ஒரு முறை இருந்தது. முதலில் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்குவேன், வெளியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தகவல் போகாமல் இருப்பதற்கு. பிறகு நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து, யாருக்கும் அடையாளம் தெரியாத பெயர்களைப் பிடிப்பேன். எப்போதும் நல்ல பெயராகத்தான் இருக்கும். உதவியாளன், காவலன், நண்பன் என்ற மாதிரி. கெட்ட பெயரோடு வந்த ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. அவற்றை நீக்கி, கணினியை அணைத்து, அத்தியாவசியமானவை மட்டும் விழித்திருக்கும்படி திரும்ப எழுப்புவேன். அப்போது ஒளிந்திருப்பவை தூங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து மிச்ச மீதியை அழிப்பேன். கடைசியாகக் கம்பியைச் செருகிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். டீ முடியும்வரை எதுவும் எட்டிப் பார்க்காவிட்டால் நோயாளி பிழைத்தான்.

இதைச் செய்துதரவும் இலவச மென்பொருள்கள் உண்டு. கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், நான் வருவதற்குள் தாங்களே வைத்தியம் பார்த்துவிடுவோம் என்று அப்படி ஒன்றை இறக்கியிருந்தார்கள். அது கணினியைச் சோதித்து, ஆபத்து ஆபத்து என்று சிவப்பில் கூவி, பழைய விளம்பரக்காரர்களை வெளியே தள்ளிவிட்டுத் தன்னுடைய ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்திருந்தது. கள்ளனைப் பிடிக்க வந்தவன் கள்ளனுக்கு மச்சான்.

இனி கனகசபை ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முதலில் சேர்ந்த அந்த டயகமத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். எனக்குக் கிளாக்கர் வேலை பழக்கியவர். வெயிலோ பனியோ, கறுப்புக் கோட்டு இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. தொலைபேசி அடித்தால் எழுந்து நின்று, கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டுதான் எடுப்பார். மறுமுனையில் மரக்கறிக் கடைக்காரர் இருந்தாலும் அதே மரியாதை, ஏனென்றால் எடுக்கும் நேரத்தில் அது தோட்டத்தை நடத்தும் துரையாகவும் இருக்கலாம். அவர் எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடம் இது.

"தம்பி, தமிழில கேட்டா யோசியும். சிங்களத்தில கேட்டா விளங்கிக்கொண்டு பதில் சொல்லும். இங்கிலீசில கேட்டா யெஸ் எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு யோசியும்."

இதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலம் தொட்டு இந்த மலையில் கிளாக்கர்மார் பிழைத்த வழி அதுதான். கொழும்பிலிருந்து எந்த ஆங்கிலக் கடிதம் வந்தாலும் "அவ்வாறே செய்யப்படும்" என்று பதில் போகும். செய்ய முடியுமா என்பது அடுத்த மாதத்துப் பிரச்சினை. தலைமுறை தலைமுறையாக ஆங்கிலத்துக்குத் தலையாட்டிப் பழகிய ஓர் ஆபீசுக்குள், ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும்? யெஸ், ஓகே, நெக்ஸ்ட், ஐ அக்ரி. அந்த மென்பொருள்களை எழுதியவர்கள் எங்கள் ஆபீசை நினைத்துத்தான் எழுதினார்களோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

அந்த ஆபீசுக்கு மகேஸ்வரி என்ற பிள்ளை வேலைக்கு வந்தது. அப்பா அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து பறிப்பவர். உயர்தர வகுப்புவரை படித்து, ஹட்டனில் கணினியும் படித்துவிட்டு வந்திருந்தது. அதுவரை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் ஆபீசுக்குள் வந்ததெல்லாம் கூட்டிப் பெருக்கத்தான். கதிரையில் உட்காரும் வேலைக்கு வந்த முதல் ஆள் மகேஸ்வரி. லயத்தில் எல்லோருக்கும் அது பெருமை. ஆபீசில் எல்லோருக்கும் அது பெருமை என்று சொல்ல மாட்டேன்.

அப்போதிருந்த பெரிய துரை இளைஞர், சிங்களவர், நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவர். கெட்ட மனிதர் இல்லை. புதுச் சாமான் எதைக் கண்டாலும் மயங்கிவிடுவார், அவ்வளவுதான். கொழும்புக்குப் போனபோது ஏதோ ஓர் அலுவலகத்துக் கணினியில் வானிலை காட்டும் மென்பொருளைக் கண்டிருக்கிறார். திரையின் மூலையில் சின்னதாக ஒரு சூரியன் நிற்கும், மழை வந்தால் மேகம் வரும். தேயிலைக்கு மழை முக்கியம். ஆபீசுக்குப் பின்னால் மழை அளக்கும் கருவி இருந்தது, காலையில் பிரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடும் நேரத்தில் அதைப் பார்த்துக் குறித்து வைப்பார்கள். அதுவும் வேண்டாம், ஜன்னலைத் திறந்தாலே போதும். ஆனால் துரைக்குத் திரையில் மழை பார்க்க வேண்டும். கனகசபை ஐயாவிடம் சொன்னார். அவர் யெஸ் சேர் என்றார். பிறகு மகேஸ்வரியிடம் வந்தார்.

அங்கே நடந்த பேச்சை மகேஸ்வரி பின்னால் என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஐயா, இதுல நெறைய எழுதியிருக்குங்க. சம்மதமான்னு கேக்குது."

"இங்கிலீசில கேக்குதோ?"

"ஆமாங்கய்யா."

"பின்னை என்ன? ஓம் எண்டு அமத்தும் பிள்ளை. துரை சொன்ன சாமான்."

"கீழ இன்னும் போகுதுங்க. வாசிச்சுப் பாத்துட்டு அமுக்குறேனே."

"வாசிக்க நேரமில்லை. துரை இப்ப வந்திடுவார்."

சொல்லிவிட்டு, கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாராம். மகேஸ்வரி அமுக்கியது. மூலையில் சூரியன் உதித்தது. அந்த மென்பொருளின் ஊர்ப் பட்டியலில் டயகமவும் இல்லை, ஹட்டனும் இல்லை. இருந்தவற்றுள் கிட்டிய ஊர் கொழும்பு. அன்று முதல் எங்கள் ஆபீசில், வெளியே முன்னால் நிற்கும் ஆளைக்கூட மூடுபனி மறைக்கும் நேரத்திலும், திரையில் கொழும்பு வெயில் அடித்தது. துரைக்கு மகா திருப்தி. ஒரு மாதம் அளவில் அந்தச் சூரியன் நல்ல பிள்ளையாக நின்றது.

ஒரு நாள் கனகசபை ஐயா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உடன வெளிக்கிட்டு வாரும். கம்பியூட்டருக்குள்ள பொம்பிளையள் வந்திட்டினம்."

"எத்தனை பேருங்க ஐயா?"

"எண்ணேல்லை. ஒண்டை மூட ரண்டு வருகுது. உடுப்பும் காணாது. வி.ஏ. பாத்துக்கொண்டு இருந்தவர்."

வி.ஏ. என்றால் விசிட்டிங் ஏஜன்ட். கொழும்பிலிருந்து வந்து தோட்டத்தைச் சோதித்துப் போகும் பெரியவர், துரைமாருக்கெல்லாம் துரை. கொழுந்துக் கணக்கைக் காட்டுவதற்கு மகேஸ்வரியை எழுப்பிவிட்டு அவரை அதே கதிரையில் உட்காரவைத்து, இணையத்தையும் இணைத்திருக்கிறார்கள். கணக்குக்கு மேலே ஒரு பெண் வந்து நின்றாள். துரை பாய்ந்து மூடினார். இரண்டு பேர் வந்தார்கள். வி.ஏ. மீசையைத் தடவிக்கொண்டு, "மே மொகக்த?" என்று கேட்டாராம். என்ன இது என்று அவர் கேட்டபோது துரை அடுத்தவளை மூடிக்கொண்டிருந்தார். அவர் போகும்போது, இந்தக் கணினியில் தினமும் உட்காருவது யார் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

யார் உட்காருவது? மகேஸ்வரி. அன்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது. சாயங்காலம் ஆவதற்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஆபீசில் உட்கார்ந்து கண்ட கண்ட படம் பார்த்ததாம் என்றார்கள் சிலர். படத்தில் இருந்ததே அவள்தானாம் என்று அதை இன்னும் கொஞ்சம் வளர்த்தார்கள் வேறு சிலர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

விசாரணையன்று நான் போய் இறங்கியபோது நல்ல மழை. ஆபீஸ் விறாந்தையில் மகேஸ்வரியின் அப்பா நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். அசையவில்லை.

"ஐயா, அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. எம்புள்ள அப்புடிப் புள்ள இல்லீங்க. அத மட்டும் எப்புடியாச்சும் சொல்லிருங்க."

இத்தனை வருடமும் இந்த விளம்பரச் சனியன்களை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

துரையின் உத்தரவுப்படி கணினியை யாரும் தொடவில்லை. துவாய் போட்டு மூடி, சாட்சியாகக் காவலில் வைத்திருந்தார்கள். நான் கம்பியைப் பிடுங்கி, பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஐந்து நிமிட வேலை. வானிலை மென்பொருளின் பக்கத்திலேயே அதன் நண்பர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தேடல் உதவியாளன், ஒருவன் சலுகைத் தோழன். படம் காட்டியவன் இந்தத் தோழன்தான். முதலில் கடனுக்கும் சீட்டாட்டத்துக்கும் கூப்பிட்டு, பிறகு துணிந்து, பெண்களைக் கொண்டுவந்திருக்கிறான்.

விசாரணை துரையின் அறையில். துரை மேசைக்குப் பின்னால். கனகசபை ஐயா நின்றுகொண்டிருந்தார். மகேஸ்வரியும் நின்றுகொண்டிருந்தது. எனக்கு மட்டும் நிபுணர் என்று ஒரு கதிரை போட்டார்கள். நான் கண்டதைச் சொன்னேன். யாரும் எந்தப் படத்தையும் தேடிப் போகவில்லை, வானிலை மென்பொருளோடு வந்தவை தாங்களாகவே காட்டுகின்றன என்று விளக்கினேன்.

துரை கவனமாகக் கேட்டார். ஆங்கிலத்தில்தான் பேச்சு.

"நான் மழையைத்தான் கேட்டேன். பெண்களைக் கேட்கவில்லையே" என்றார்.

"இல்லை சார். ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கும். சம்மதம் என்று அமுக்கினால் அவையும் வரும்."

"அமுக்கியது யார்?"

காப்பாற்றப் போய்க் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டேனோ என்று திகிலாக இருந்தது. மகேஸ்வரி நிமிர்ந்து, "நான்தாங்க சார் அமுக்குனேன்" என்றது. கனகசபை ஐயா தரையைப் பார்த்தார்.

துரைக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பெருமூச்சு விட்டார். "நீ சொல்வது எனக்குப் புரிகிறது" என்று என்னிடம் சொன்னார். "வி.ஏ.க்கு அது போதாது. யார்மேல் நடவடிக்கை எடுத்தாய் என்று கேட்பார். மென்பொருளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க முடியுமா?"

அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மகேஸ்வரி ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால் போதும், வேலை மிஞ்சும். கடிதம் தயாராக இருந்தது. கணினி காவலில் இருந்ததால் பழைய டைப்ரைட்டரில் கனகசபை ஐயா அடித்திருந்தார். அழகான ஆங்கிலம். அவர் அதை மகேஸ்வரியின் கையில் கொடுத்து, பேனையையும் திறந்து நீட்டினார்.

"வையும் பிள்ளை. துரை மனம் மாற முன்னம் வையும்."

மகேஸ்வரி பேனையை வாங்கவில்லை. கடிதத்தை வாசிக்கத் தொடங்கியது. உதடு லேசாக அசைய, ஒவ்வொரு வரியாக வாசித்தது. துரை மணிக்கூட்டைப் பார்த்தார். கனகசபை ஐயாவின் கை பேனையோடு அப்படியே அந்தரத்தில் நின்றது. எங்கள் ஆபீசில் அதுவரை ஓர் ஆங்கிலக் காகிதம் கையெழுத்துக்கு முன்னால் அவ்வளவு நேரம் காத்திருந்ததை நான் கண்டதில்லை.

வாசித்து முடித்துவிட்டுத் தமிழில் சொன்னது. துரைக்குத் தமிழ் நன்றாக விளங்கும்.

"மொதப் பத்தி சரிங்க சார். நான் வேல செய்யுற கம்பியூட்டர்ல, வி.ஏ. சார் முன்னால அசிங்கமான படம் வந்துச்சு, அதுக்கு வருத்தப்படுறேன்னு இருக்கு. வருத்தம்தாங்க. வச்சிருவேன். ரெண்டாவது பத்தியில, வேல நேரத்துல நானே தேடிப் பாத்தேன்னு இருக்கு. அது நான் கேக்காததுங்க சார். மொதப் பத்தியோட கூடவே வந்திருக்கு."

கடிதத்தைத் துரையின் மேசையில் வைத்தது.

"ரெண்டுக்கும் சேத்துத்தான் கையெழுத்துன்னா, நான் வைக்கலைங்க" என்றது.

"வேலை போகும். தெரியும்தானே?" என்று துரையும் தமிழிலேயே கேட்டார்.

"தெரியுங்க சார். வேல போனா வேற பாத்துக்கலாம். அந்தப் பத்தியத் தூக்கிக்கிட்டு என்னால லயத்துக்குப் போக முடியாதுங்க. வெளிய எங்கப்பா நிக்கிறாரு."

சொன்ன பிறகுதான் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

துரை கனகசபை ஐயாவின் பக்கம் திரும்பினார். துரைமார் கேட்கும் முறை ஒன்று உண்டு. கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுப்பார்கள். நாம் எடுத்துக்கொண்டால் போதும். அப்படித்தான் கேட்டார், ஆங்கிலத்தில். "கனகசபை, இந்தப் பிள்ளை அந்தப் படங்களைப் பார்த்ததுதானே? யெஸ்?"

கனகசபை ஐயாவின் கை தானாகவே கோட்டின் மேல் பொத்தானுக்குப் போனது. பூட்டினார். அந்தப் பொத்தான் பூட்டிய பிறகு அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம்.

"நோ, சேர்" என்றார்.

துரைக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஐயா இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். "நோ, சேர். பிள்ளை வாசித்துவிட்டு அமுக்குகிறேன் என்று கேட்டது. நான்தான் விடவில்லை. அமுக்கச் சொன்னது நான். எனக்குச் சொன்னது நீங்கள்." ஆங்கிலத்தில்தான் சொன்னார். இத்தனை காலமும் இந்த ஆங்கிலத்தை எங்கே வைத்திருந்தார் என்று நான் வியந்தேன்.

துரை கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். தன் பேனையால் இரண்டாவது பத்தியைக் குறுக்காக அடித்துவிட்டு மகேஸ்வரியிடம் நீட்டினார். அந்தப் பிள்ளை அப்போதும் முழுவதையும் இன்னொரு தடவை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தது. துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வி.ஏ.க்கு நான் எழுதிக்கொள்கிறேன், குற்றவாளியை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன் என்று. போய் அந்த மழைக்காரனை வெளியே தள்ளு" என்று என்னிடம் சொன்னார்.

மகேஸ்வரியின் அப்பாவை நானே கூப்பிட்டு உள்ளே கொண்டுவந்தேன். இந்த முறை வந்தார். மகள் தன் கதிரையில் உட்காருவதைப் பார்த்தபடி, ஈரத் தொப்பியைப் பிழிந்துகொண்டே நின்றார். தரையெல்லாம் தண்ணீர்.

மகேஸ்வரி எழுந்து இடம் தர, நான் உதவியாளனையும் தோழனையும் வழக்கமான முறைப்படி முடித்துவிட்டு, கடைசியாக வானிலை மென்பொருளிடம் வந்தேன். நீக்கு என்று கொடுத்ததும் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. நாலைந்து வரி எழுத்து, கீழே யெஸ், நோ. கனகசபை ஐயா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"தம்பி, இவனை நான் அமத்தட்டோ?"

உரிமை அவருக்குத்தான் என்று எழுந்து இடம் விட்டேன். உட்கார்ந்தார். விரலை நீட்டியவர் நிறுத்திக்கொண்டார்.

"என்னத்தை அமத்திறது?"

"யெஸ்தாங்க ஐயா. நீக்கவான்னு கேக்கும், யெஸ் குடுங்க." கண்டியில் படித்தவன், இப்படிப்பட்ட பெட்டிகளை எத்தனையோ கண்டவன் என்ற தோரணையில்தான் சொன்னேன்.

அவர் அமுக்கவில்லை. "பிள்ளை, இதை ஒருக்கா வாசியும்" என்று மகேஸ்வரியைக் கூப்பிட்டார்.

மகேஸ்வரி குனிந்து, உதடு அசைய, முதல் வரியிலிருந்து வாசித்தது. நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகளும் காத்திருந்தோம்.

"ஐயா, இதுல போறதுக்கு மனசு இல்லாம எழுதியிருக்காங்க. தொடர்ந்து இலவசமா வச்சுக்க விருப்பமான்னு கேக்குது. யெஸ்ஸுன்னா இங்கயே இருந்துக்கும். நோன்னாத்தான் போகும்."

கனகசபை ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஒற்றை விரலால் நோவை அமுக்கினார். அன்றைக்கு அவருக்கு அது இரண்டாவது நோ. திரையின் மூலையில் அடித்துக்கொண்டிருந்த கொழும்பு வெயில் மறைந்தது. வெளியே எங்கள் மழை பெய்துகொண்டிருந்தது.